யாரும் குளிக்காத நாளில் பிளாஸ்டிக் சோலார் ஹீட்டருக்கு என்ன ஆகும்?

நான் செய்த முதல் சோலார் ஹீட்டர் ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. மரப்பெட்டி, அடியில் தெர்மாகோல், அதன் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்த பிவிசி குழாய்கள், மூடுவதற்கு ஒரு பழைய ஜன்னல் கண்ணாடி. மதியம் மூன்று மணிக்குத் திறந்தால் குளிக்கத் தேவையானதைவிடச் சூடாகவே தண்ணீர் வரும். பிறகு நான்கு நாள் வெளியூர் போனோம். இடையில் மேல்தொட்டி காலியாகி, பெட்டிக்குள் இருந்த தண்ணீரும் வற்றிவிட்டது. திரும்பி வந்து கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால், நேராக இருந்த குழாய்கள் தாங்கல்களுக்கு நடுவே தொய்ந்து கிடந்தன. பசை போட்டு ஒட்டிய இரண்டு எல்போக்கள் வாய் பிளந்திருந்தன. குழாய்களை வெளியே எடுத்தேன். தெர்மாகோலில் ஒவ்வொரு குழாய்க்கும் அடியில், யாரோ விரலால் கோடு இழுத்ததுபோல வழவழவென்று ஒரு பள்ளம். சூட்டில் அது சுருங்கிக் குழாய்க்கு வழிவிட்டிருந்தது.

பிளாஸ்டிக் குழாயில் வெந்நீர் என்றதும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாதே, தண்ணீர் எப்படிச் சூடாகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் என் பெட்டியில் தண்ணீர் சூடாவதில் ஒரு குறையும் இருக்கவில்லை. தண்ணீர் இல்லாதபோது, எடுத்துப் பயன்படுத்த ஆள் இல்லாதபோது, உள்ளே எவ்வளவு சூடு ஏறும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மலிவான பிளாஸ்டிக்கை நம்பி ஹீட்டர் செய்கிறவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டியது அந்த நாளுக்குத்தான்.

தேவை எவ்வளவு என்பதில் தொடங்கலாம். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 3.5 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். அதாவது மின்மீட்டர் கணக்கில் மூன்றரை யூனிட். தெளிவான வானத்தில் உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் அளவில் விழுகிறது. நல்ல வெயில் உள்ள இடத்தில் நாள் முழுக்கக் கூட்டினால் 5 முதல் 6 கிலோவாட் மணி. அதில் பாதியைப் பிடித்தால்கூட ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பு போதும். குளிக்கும் தண்ணீர் 40 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே போதும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 80 டிகிரி தேவைப்படும் வேலையாக இருந்தால் மலிவு பிளாஸ்டிக் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். 45, 50 டிகிரிக்கு அது தாராளமாகத் தாங்கும்.

தாமிரத்தோடு ஒப்பிட்டால்

வெப்பக் கடத்தலில் தாமிரத்துக்குப் பக்கத்தில்கூடப் பிளாஸ்டிக் வர முடியாது. தாமிரத்தின் கடத்துத்திறன் சுமார் 390 வாட், மீட்டருக்கும் டிகிரிக்கும். எச்டிபிஇ என்கிற கெட்டிப் பாலித்தீனுக்கு அது அரை வாட் சுமார். பிவிசி, பாலிபுரொப்பிலீன் இரண்டும் 0.2-ஐ ஒட்டியவை. ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். எண்களை மட்டும் பார்த்தால் கைவிட்டுவிடத் தோன்றும்.

ஆனால் வெப்பம் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கறுப்புக் குழாயின் மேல் வெயில் விழுகிறது, உள்ளே தண்ணீர் நிற்கிறது. நடுவில் இருப்பது 2 மில்லிமீட்டர் சுவர். சதுர மீட்டருக்கு 700 வாட் அந்தச் சுவரைக் கடக்க வேண்டும் என்றால், எச்டிபிஇ குழாயில் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிட மூன்று டிகிரி கூடுதல் சூடாக இருக்கும். அவ்வளவுதான். 60 டிகிரியில் தண்ணீர் கிடைக்க வேண்டிய இடத்தில் 57 கிடைக்கிறது என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும் குளியலறையில் யாருக்கும் தெரியப் போவதில்லை.

வெப்பம் பக்கவாட்டில் ஓட வேண்டியிருந்தால் கதை வேறு. கடையில் விற்கும் உலோகத் தகடு வகை ஹீட்டரில் குழாய்கள் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகத்தான் இருக்கும். நடுவில் உள்ள தகடு வெயிலை வாங்கிக் குழாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அரை மில்லிமீட்டர் தாமிரத் தகட்டில், குழாயிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஓரம் குழாயைவிட நான்கைந்து டிகிரிதான் கூடுதல் சூடாக இருக்கும். அதே இடத்தில் 2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை வைத்துக் கணக்குப் போட்டால் விடை எண்ணூறு டிகிரிக்கு மேல் வருகிறது. அதாவது அந்த வெப்பம் குழாய்க்கு வரவே வராது, காற்றோடு போய்விடும்.

ஆகவே பிளாஸ்டிக்கில் செய்யும்போது வெயில் படும் ஒவ்வொரு இடத்துக்கும் நேர் பின்னால் தண்ணீர் இருக்க வேண்டும். குழாய்களை இடைவெளியில்லாமல் அடுக்குங்கள். அல்லது நெளி அட்டைபோல உள்ளே வரிசையாகக் கால்வாய்கள் கொண்ட பிளாஸ்டிக் ஷீட்டைப் பயன்படுத்துங்கள். நீச்சல் குளங்களுக்கென்று விற்கும் ஹீட்டர்கள் இப்படித்தான் செய்யப்படுகின்றன. கறுப்புப் பாலிபுரொப்பிலீன் அல்லது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், மேலே கண்ணாடி கிடையாது, தண்ணீர் வேகமாக ஓடும், ஒரு சுற்றுக்குச் சில டிகிரிதான் ஏறும். தகடு காற்றைவிட அதிகம் சூடாகாததால் வெப்ப இழப்பும் குறைவு. எளிமையான பொருள், ஆனால் நல்ல பொறியியல்.

இடைவெளி விட்டுத்தான் அடுக்க முடியும் என்றால் பிளாஸ்டிக் குழாயை உலோகத் தகட்டின் மேல் இறுக்கமாகப் பதிக்க வேண்டும். அப்போதும் குழாயும் தகடும் ஒட்டி உரசும் பரப்பு எவ்வளவு என்பதே பலனைத் தீர்மானிக்கும். கோடுபோலத் தொட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. தகட்டை வளைத்துக் குழாயைப் பாதியாவது கட்டிப்பிடிக்கும்படி செய்ய வேண்டும்.

வெறும் சட்டி அடுப்பில்

தண்ணீர் நிரப்பிய காகிதக் கோப்பையைத் தீயில் காட்டினால் தண்ணீர் இருக்கும்வரை காகிதம் எரியாது. வெறும் கோப்பை நொடியில் கருகிவிடும். சோலார் பெட்டியும் அப்படித்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும்.

கறுப்புப் பரப்பு, ஒற்றைக் கண்ணாடி, பின்னால் நல்ல வெப்பக்காப்பு. இப்படி ஒரு பெட்டி தண்ணீரில்லாமல் உச்சிவெயிலில் கிடந்தால் உள்ளே 120 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்தின் விஞ்ஞானி ஓராஸ் தெ சோசூர் கண்ணாடி மூடிய பெட்டியொன்றை வெயிலில் வைத்துத் தண்ணீரின் கொதிநிலையைவிட அதிக வெப்பத்தை அளந்திருக்கிறார்.

இப்போது பிளாஸ்டிக்குகளை அந்த 120-க்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சாதாரணப் பிவிசி குழாய்க்கு 60 டிகிரிதான் எல்லை. 80-ஐ நெருங்கும்போது ரப்பர்போல வளைந்துவிடும். என் பெட்டியில் நடந்தது அதுதான். தெர்மாகோலும் 80-ஐ ஒட்டியே சுருங்கத் தொடங்கும். தண்ணீரும் குளிர்பானமும் வரும் பெட் பாட்டில் அதற்கும் முன்பே போய்விடும். காலி பாட்டில் ஒன்றில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, உடல் முறுக்கிக்கொண்டு, கையளவுக்குச் சிறுத்துவிடும். மென்பாலித்தீன் 110 டிகிரி வாக்கிலும் எச்டிபிஇ 130 வாக்கிலும் உருகுகின்றன என்றாலும், அதற்கு வெகு முன்பே பலமிழந்துவிடும். வெந்நீருக்கென்று விற்கும் சிபிவிசி குழாய் 93 டிகிரிவரை தாங்கும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பாலிபுரொப்பிலீனும் குறுக்கிணைப்புப் பாலித்தீனும் ஏறக்குறைய அந்த வகுப்பு. கண்ணாடிக்குப் பதிலாகப் போடும் பாலிகார்பனேட் ஷீட் 115, 120 வரை நிற்கும். ஆனால் அது மூடிக்குத்தான், குழாய்க்கு அல்ல.

அழுத்தத்தையும் மறக்கக் கூடாது. பாலித்தீன் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு 20 டிகிரித் தண்ணீருக்கானது. 40 டிகிரியிலேயே அது முக்கால் பங்காகக் குறைந்துவிடும், அதற்கு மேல் வேகமாக விழும். மோட்டார் அழுத்தம் நேரடியாகப் படும் குழாயில் இதை இணைக்கவே வேண்டாம். மேலே ஒரு திறந்த தொட்டி, அதிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர், சூடான பக்கத்தில் உயரமாக ஏற்றி விட்ட ஒரு காற்றுக் குழாய். இந்த மூன்றும் இருந்தால் ஆவி உண்டானாலும் போவதற்கு வழி இருக்கும். இருபுறமும் வால்வு மூடிய பிளாஸ்டிக் குழாயை வெயிலில் விட்டுவைப்பது ஆபத்து. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? வெப்பத்துக்குத் தாங்கும் பிளாஸ்டிக்கைத் தேடிப் போவது ஒரு வழி. சர்வதேச எரிசக்தி முகமையின் சூரிய வெப்பத் திட்டத்தில் 2006-இல் தொடங்கிய 39-ஆவது பணிக்குழு பாலிமர்களை, அதாவது பிளாஸ்டிக் வகைப் பொருள்களைப் பற்றித்தான் ஆராய்ந்தது. நார்வேயின் அவென்டா நிறுவனம் பாலிஃபீனைலீன் சல்ஃபைடு என்ற உயர்வெப்பப் பிளாஸ்டிக்கில் வெயில் வாங்கும் தகடுகளைச் செய்தது. அவை மலிவுப் பொருள்கள் அல்ல. வீட்டில் செய்கிறவருக்கு இன்னொரு வழிதான் கைகொடுக்கும்: பெட்டி ஓர் அளவுக்கு மேல் சூடாகவே முடியாதபடி அமைப்பது.

அதற்கு மிக எளிய வழி மூடியை விட்டுவிடுவது. கண்ணாடி இல்லாத கறுப்புக் குழாய் காற்றுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பதால் வெறுமையாகக் கிடந்தாலும் 70, 80 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். காற்று வீசினால் அதற்கும் கீழே. வெப்பமான ஊர்களில் பெரும்பாலான மாதங்களுக்கு இதுவே போதும். குளிர்காலத்துக்காக மூடி போட்டே ஆக வேண்டும் என்றால், பெட்டியின் கீழ் ஓரத்திலும் மேல் ஓரத்திலும் திறந்து மூடக்கூடிய காற்றுத் துளைகள் வையுங்கள். கோடையில் திறந்து விட்டால் சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும்.

இன்னொரு வழி தண்ணீரைக் கூட்டுவது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 100 லிட்டர் தொட்டி இருந்தால், யாரும் தொடாத ஒரு நாளில் தண்ணீர் 25 டிகிரி அளவுக்கு ஏறும். 28-இல் தொடங்கியது 53-இல் நிற்கும். இரவில் கொஞ்சம் இறங்கி, மறுநாளும் எடுக்காவிட்டால் 65, 70 வரை போகலாம். அதே பரப்புக்கு 50 லிட்டர் என்றால் முதல் நாளே அந்த எல்லைக்கு வந்துவிடும். தொட்டியைப் பெரிதாக்குவது வெந்நீர் அளவுக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக்குக்கு அது காவலும்கூட.

ஓடாத தண்ணீர்

வீட்டில் செய்யும் ஹீட்டர்களில் அதிகம் பார்ப்பது சுருள்தான். நூறு மீட்டர் கறுப்புக் குழாயை வட்டமாகச் சுற்றிப் பலகையில் கட்டிவிடுவது. பார்க்க அழகு, இணைப்புகளே இல்லை, அதனால் ஒழுகாது. 20 மில்லிமீட்டர் வெளிவிட்டம் என்றால் வெயில் படும் பரப்பு 2 சதுர மீட்டர், உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 20 லிட்டர். குறையே இல்லாததுபோல் தோன்றும்.

குறை ஓட்டத்தில் இருக்கிறது. பம்பு இல்லாத ஹீட்டரில் தண்ணீரைச் சுழற்றுவது சூட்டால் வரும் எடை வித்தியாசம் மட்டுமே. சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும். 60 டிகிரித் தண்ணீருக்கும் 30 டிகிரித் தண்ணீருக்கும் ஒரு கன மீட்டருக்குப் பன்னிரண்டு கிலோ சொச்சம்தான் வித்தியாசம். அரை மீட்டர் உயரத்தில் இது கொடுக்கும் அழுத்தம் ஆறு மில்லிமீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். ஒரு சின்ன விரல் நகத்தின் அகலம்கூட இல்லை. அந்த அழுத்தம் நூறு மீட்டர் சுருளுக்குள் தள்ளக்கூடியது மணிக்கு ஐந்தாறு லிட்டர். 2 சதுர மீட்டர் வெயிலுக்கு அது எதற்கும் போதாது. சுருளின் ஒரு பகுதி கொதிக்கும், தொட்டி ஆறியே இருக்கும். சுருளின் மேல்வளைவுகளில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் அந்தக் கொஞ்சமும் நின்றுவிடும். சுருளுக்குப் பம்பு வேண்டும், அல்லது தொட்டியிலிருந்து ஒரே முறை ஓடி வாளியில் விழும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

பம்பு இல்லாமல் சுழல வேண்டும் என்றால் ஏணி அமைப்புதான் சரி. மேலும் கீழும் இரண்டு பருத்த குழாய்கள், நடுவில் படிகள்போலப் பல சிறு குழாய்கள். தண்ணீர் பல வழியாகப் பிரிந்து போவதால் உராய்வு மிகக் குறைவு. தொட்டியின் அடிப்பகுதி ஏணியின் உச்சியைவிட ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவில் ஓட்டம் திரும்பி, பகலில் சேர்த்த சூடு வானத்துக்குப் போகும். மேலே போகும் குழாய் எங்கேயும் பள்ளத்தில் இறங்கி ஏறக் கூடாது. இறங்கி ஏறினால் அங்கே காற்று தங்கும்.

ஏணியில் இணைப்புகள் அதிகம், அதனால் ஒழுகலும் அதிகம். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் சாதாரணப் பசைக்கு ஒட்டாது. சூடு வைத்து உருக்கி இணைக்க வேண்டும், அல்லது மரை இறுக்கும் இணைப்புகள். கறுப்புப் பெயின்ட்டும் இவற்றில் பிடிக்காது, செதில் செதிலாக உரியும். ஆகவே கறுப்பாகவே வரும் குழாயை வாங்குவது நல்லது. அப்புறம், விரிவு. பாலித்தீன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் நீளும். 2 மீட்டர் குழாய் 50 டிகிரி ஏறினால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். தாமிரமாக இருந்தால் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. குழாயின் இரண்டு முனைகளையும் இறுக்கிக் கட்டினால் அது நடுவில் வில்போல வளையும், இணைப்பைத் தினமும் இழுத்து இழுத்துத் தளர்த்தும். ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை நகர விடுங்கள்.

பிரேசிலின் சான்டா கட்டரினா மாநிலத்தைச் சேர்ந்த ஜோசே அலானோ என்ற ஓய்வுபெற்ற மெக்கானிக் 2002-இல் செய்த ஹீட்டரும் ஏணிதான். பிவிசி குழாய்களின் மேல் அடி வெட்டிய பெட் பாட்டில்களைக் கோத்து, உள்ளே கறுப்பு அடித்த பால் அட்டைப்பெட்டிகளைச் செருகினார். அட்டை வெயிலை வாங்குகிறது, பாட்டில் காற்றைத் தடுக்கிறது. குப்பையில் போக இருந்தவையே முக்கியப் பாகங்கள். செய்முறை மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்து, பிரேசிலில் பல வீடுகளில் இப்படிச் செய்துகொண்டார்கள். நான் இதைப் பாராட்டுவதற்குக் காரணம் மறுசுழற்சி மட்டும் அல்ல. மெல்லிய பாட்டிலும் பின்னால் காப்பு இல்லாத அமைப்பும் வெப்பத்தைக் கொஞ்சம் கசிய விடுகின்றன. அதனால்தான் பிவிசியால் அங்கே பிழைக்க முடிகிறது. அதையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் என் குழாய்களின் கதிதான்.

வெயிலும் தண்ணீரும் செய்யும் வேலை

சூட்டைத் தாங்கினாலும் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்லத் தின்னும். மேல்பரப்பு வெளிறி, தொட்டால் மாவு ஒட்டி, பிறகு நகத்தால் கீறினாலே விரிசல் விடும். கறுப்புக் குழாய்க்கு இங்கே ஒரு பெரிய சாதகம் உண்டு. தரமான கறுப்புப் பாலித்தீன் குழாயில் 2 முதல் 2.5 சதவீதம் கார்பன் கரித்தூள் கலந்திருக்கும். வெயிலை வாங்கிச் சூடாவதும் அதே கரிதான், புற ஊதாக் கதிர் உள்ளே போகாமல் மேல்பரப்பிலேயே தடுப்பதும் அதே கரிதான். சொட்டுநீர்ப் பாசனக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் வயலில் கிடப்பது இதனால்தான்.

மூடிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சாதாரணப் பாலித்தீன் தாள் ஒரு வெயில் பருவம் தாண்டினால் அதிசயம். பசுமைக்குடிலுக்கென்று விற்கும் தாள் மூன்று, நான்கு ஆண்டு வரும். அதிலும் ஒரு குறை: பாலித்தீன் வெப்பக் கதிரைக் கண்ணாடிபோலத் தடுத்து நிறுத்தாமல் வெளியே விட்டுவிடும். காற்றைத் தடுப்பதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட் 80 சதவீதம் அளவுக்கு ஒளியை விடும், உடையாது, வெப்பத்தையும் நன்றாகப் பிடிக்கும். அதில் புற ஊதாப் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் சீக்கிரமே மஞ்சளாகிவிடும்.

பெட்டிக்குள் வெப்பக்காப்பாகத் தெர்மாகோல் மட்டும் போடாதீர்கள். குழாய்க்கு அடுத்து இரண்டு விரல் தடிமனுக்குக் கண்ணாடி இழைக் கம்பளி அல்லது பாறைக் கம்பளி, அதற்கு அடியில் தெர்மாகோல். அப்போது அதன் பங்குக்கு வரும் சூடு அது தாங்கும் அளவில் இருக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு கண்டிப்பு. இந்த நீர் குளிக்க, பாத்திரம் துலக்க, துணி துவைக்க. குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். தோட்டத்து ஹோஸிலும் எந்தக் கழிவிலிருந்து வந்தது என்று தெரியாத மறுசுழற்சிக் குழாயிலும் சேர்த்திருக்கும் பொருள்கள் சூடான நீரில் இறங்கும். ரசாயனம் வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் டிரம்மைத் தொட்டியாக்குவது குளியலுக்கும் கூடாது. அதோடு, வெதுவெதுப்பாகவே நாள்கணக்கில் நிற்கும் நீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். அவற்றுக்குப் பிடித்தது 25 முதல் 45 டிகிரி வரை. வெளியூர் போய் வந்தால் தேங்கிய நீரை முதலில் வெளியேற்றிவிட்டுப் புது நீர் நிரப்புங்கள். மதியம் குழாயில் நின்ற முதல் நீர் 60 டிகிரிக்கு மேல் இருக்கலாம், ஐந்தாறு நொடியில் தோலை வேகவைக்கும் சூடு அது. குழந்தைகள் திறக்கும் குழாயில் குளிர்நீர் கலந்தே வர வேண்டும்.

இரண்டாவது ஹீட்டரை நான் வீட்டுக் குழாயோடு இணைப்பதற்கு முன் ஒரு வாரம் வெறுமனே வெயிலில் விட்டுவைத்தேன். மூன்று நாள் தண்ணீரோடு, எடுக்காமல். அப்புறம் மூன்று நாள் தண்ணீரே இல்லாமல். மேல் ஓரத்துக் குழாயின் பின்பக்கம் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டித் துணி சுற்றி, ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை அரை மணிக்கு ஒரு முறை பார்த்துக் குறித்தேன். வெறும் பெட்டியில் முதல் நாள் 96 காட்டியது. குழாய் பாலிபுரொப்பிலீன், அதற்கே அது அதிகம். கீழே மூன்று, மேலே மூன்று என்று கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டேன். மறுநாள் 84. துளைகளை இரு மடங்காக்கிய பிறகு 77. அதற்கப்புறம்தான் வீட்டுக் குழாயோடு இணைத்தேன்.